அப்பா வீட்டு நெற்றி

அன்பு மகள் சுருளிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, சௌக்கியமாக வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, அப்பா வரைபடம் பார்ப்பதற்காக மேசையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கண்ணாடி முன் நின்று என் நெற்றியோரத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் புதிதாக மூன்று முடி முளைத்திருந்தது. எறும்புக்கால் அளவுதான், ஆனாலும் மூன்று. சந்தோஷம் தாங்காமல் அப்பாவை எழுப்பினேன். நிலம் அளக்கிறவரைத் தூக்கத்தில் எழுப்பி எதையாவது பார்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அவர் எழுந்து, என்னை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "ரெண்டுதான் முடி. மூணாவது தலகாணி உறை நூல்" என்று சொல்லி, அந்த நூலை ஊதிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நாற்பத்தேழு வயதில் இரண்டு முடிக்காக ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்தவள் உன் அம்மா என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி, இந்தக் கடிதத்தில் இதைவிட மட்டமான விஷயங்களெல்லாம் வரப்போகின்றன.

முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்கதை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இடமில்லை என்று தப்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். போன மாதம் வீடியோவில் பேசும்போது நீ முன்முடியை ஒதுக்கி நெற்றியின் இரண்டு ஓரத்தையும் காட்டினாய். இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. "அம்மா, இது நம்ம குடும்பத்துல யாருக்காவது இருக்கா, டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றாய். பரம்பரையாக வருவது என்றால் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், இருபத்துநாலாம் தேதி போகும்போது முடிவு செய்வார்கள் என்றாய். நீ கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். அது உங்க அப்பா வீட்டு நெற்றி, அந்தப் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான் என்றேன். நீயும் நம்பி ஒரு தாளில் குறித்துக்கொண்டாய். சுருளி, அது தப்பு. அப்பா வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை. அடுத்த மாதம் இருபத்துநாலாம் தேதிக்குள் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். போனில் சொல்ல மூன்று முறை பார்த்தேன். முதல் முறை உங்கள் ஊர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன், இரண்டாம் முறை உன் அறைக்குத் திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்குவது என்று அரைமணி நேரம் பேசினேன், மூன்றாம் முறை நீயே "என்னம்மா ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு" என்றதும் ஒன்றுமில்லை, தும்மல் வருகிறது என்றேன். திரையில் உன் முகத்தைப் பார்த்தால் என் வாய் வேறு பக்கம் ஓடிவிடுகிறது. காகிதமானால் அது என்னைத் திருப்பிப் பார்க்காது.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்றால், முழுக்க முழுக்கப் பொறாமையால்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ தலை நிறையப் புரிப்பின்னல் போட்டுக்கொண்டு திரையில் வந்தாயே, இரண்டிரண்டு புரியாகக் கயிறு திரித்த மாதிரி, தோளுக்குக் கீழே தொங்கத் தொங்க. பார்த்ததும் நான் "என்னடி இது, கயித்துக்கடை வச்சிருக்கியா" என்றேன். நீ கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாய். சுருட்டை முடி வளராமல் இல்லை அம்மா, வளர வளர நுனியில் உடைந்துபோகிறது, அதனால்தான் வளராத மாதிரி தெரிகிறது, தினமும் சீப்பைப் போட்டு இழுக்காமல், நுனியை உள்ளே மடித்துவிட்டு, சில வாரம் அதன்பாட்டில் இருக்கவிட்டால் வந்த நீளம் தங்கும், முடியைக் காப்பாற்றும் பின்னல் இது என்று ஒரு ஆசிரியை மாதிரி விளக்கினாய். நான் எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டினேன். ஆட்டிய தலையில் இருபது வருஷமாக ஒரே கொண்டை. அவிழ்த்தால் தோளைத் தொட்டும் தொடாமலும் ஒரு கொத்து, அவ்வளவுதான். உன் முடி என் முடியைவிட நீளமாகிவிட்டதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பெற்றவள் என்றால் பூரித்துப்போக வேண்டும், நானோ போனை வைத்ததும் கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று அளந்து பார்த்தேன். உனக்குத் தெரியாமல் நானும் வளர்த்து, அடுத்த முறை நீ வரும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி இடுப்பு வரை தொங்கவிட்டுக்கொண்டு கதவைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கணக்குப்படி நான் கதவைத் திறக்க எனக்கு ஐம்பது வயதாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எல்லைக்கல் தகராறு ஒன்றை அளக்க வெளியூர் போயிருந்தார். நல்ல சமயம் என்று உட்கார்ந்தேன். போனில் தேடி எடுத்த பின்னல் வீடியோவில் ஒரு பெண் சிரித்துப் பேசிக்கொண்டே ஒரு பின்னலை அரை நிமிஷத்தில் முடிக்கிறாள். எனக்கு முதல் பின்னலுக்கு இருபது நிமிஷம். கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை மரத்துப்போய், பின் தலைக்கு வரும்போது எந்தப் புரி எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு பின்னலைக் காதுத்தோட்டோடு சேர்த்துத் திரித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் பதினெட்டு முடிந்தது, வலப்பக்கம் பதினொன்று, இடப்பக்கம் ஏழு. அப்பா வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிக்னல் நல்லா கிடைக்குதா?" என்று கேட்டுவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். மறுநாள் ஆலையில் அதைவிட மோசம். பிஸ்கட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டில் உன் அம்மாவுக்குப் பெயரே முடி மேடம்தான் என்று உனக்குத் தெரியும். உள்ளே போகும் கதவுக்கு முன்னால் ஆளுயரக் கண்ணாடி, அதன் முன் ஒவ்வொருவரும் நின்று வலைத்தொப்பிக்கு வெளியே ஒரு முடிகூடத் தெரியவில்லை என்று காட்டிய பிறகுதான் உள்ளே போகலாம். அந்த விதியை எழுதியவள் நான், வாசலில் நின்று பார்க்கிறவளும் நான். அன்றைக்கு என் பதினெட்டுப் பின்னலும் தொப்பிக்குள் அடங்கவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. எனக்குப் பின்னால் நாற்பது பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடும் பேக்கிங் அக்கா கொஞ்சமும் சிரிக்காமல், "மேடம், ரூல் போட்டது நீங்க. ரெண்டு வலை போட்டாலும் சரி, திரும்பிப் போனாலும் சரி, எங்களுக்கு வேலை இருக்கு" என்றாள். இரண்டு வலை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். நாள் முழுக்கத் தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. அதனால் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்று நினைக்கிறாய், பின்னலைத் தளர்த்தினேனா? இன்னும் இறுக்கித் திரித்தேன், அடக்கமாக இருக்கட்டும் என்று. என் மூளை வேலை செய்யும் விதம் இதுதான்.

வீடியோவில் வந்த பெண் சில வாரம் தொடாமல் விடுங்கள் என்று சொல்லியிருந்தாள். நான் ஏழு வாரம் தொடாமல் விட்டேன். தொடாமல் என்றால் தலைக்குத் தண்ணீர்கூடக் காட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வேதியியலில் பட்டம் வாங்கியவள் என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டாம், எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஐந்தாவது வாரம் அரிப்பு தாங்காமல் பின்னல் ஊசியைப் பின்னலுக்கு நடுவில் விட்டுச் சொறிந்துகொண்டே அறிக்கை எழுதினேன். ஆறாவது வாரம் நீ நெற்றியைக் காட்டிய அன்று நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பேசினேனே, குளித்துவிட்டு வந்தேன் என்றேனே, அதுவும் பொய். ஏழாவது வாரம் அவிழ்க்கப் பார்த்தால் அவிழவில்லை. பதினெட்டுப் பின்னலும் அடிப்பக்கம் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே பாயாகிவிட்டது. அப்பா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து "நடுவுல ஒரு எல்லைக்கோடு போடட்டுமா" என்றார். நான் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைவீதி மாடியில் இருக்கும் அழகுநிலையத்துக்கு ஓடினேன்.

நீ அந்த இடத்தைப் பார்த்ததில்லை. படி ஏறினதும் ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டே நாற்காலி, அதில் ஒன்று உட்கார்ந்தால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். நடத்துகிற பெண்ணுக்கு உன்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். தன் முடியிலேயே எப்போதும் ஒரு சீப்பைச் செருகி வைத்திருப்பதால் எல்லாரும் சீப்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் துணியை எடுத்துப் பார்த்தவள், வாசலில் "மூடியிருக்கிறது" என்கிற பலகையைத் திருப்பிவிட்டு வந்தாள். மூன்று மணி நேரம் கண்டிஷனரைத் தடவித் தடவி, விரலாலேயே, நுனியிலிருந்து அடி நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தாள். நாற்காலி இறங்க இறங்க அவளும் குனிந்துகொண்டே வந்தாள். நடுநடுவே பாடம் வேறு. "அக்கா, இது முடியைக் காப்பாத்துற பின்னல் இல்ல, முடியைப் புடிச்சு ஜெயில்ல போட்டிருக்கீங்க" என்றாள். பின்னி முடித்ததும் புருவம் மேலே தூக்கினால் தப்பு, அன்றைக்குத் தலை வலித்தால் தப்பு, முடியடியில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் பெரிய தப்பு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பின்னலோடே அடித்தலையைக் கழுவ வேண்டும், ஈரம் முழுக்கக் காய வேண்டும், நாலைந்து வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அவிழ்த்தபிறகு உடனே அடுத்ததைப் போடாமல் ஒரு வாரமாவது சும்மா விட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நெற்றியோர முடியைப் பின்னலில் சேர்க்கவே கூடாது, அது பூனைக்குட்டி மாதிரி, தூக்கினாலே வலிக்கும் என்றாள். நான் எங்கள் ஆலையின் விதிகளைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பேச்சோடு பேச்சாக உன் பெருமையை ஆரம்பித்தேன், என் மகள் இதையெல்லாம் அழகாகச் செய்கிறாள், அவளுக்கு நெற்றியோரம் மட்டும் கொஞ்சம் போயிருக்கிறது, அது அவள் அப்பா வீட்டு வழி என்று. சீப்பு சொன்னாள், போட்டோ இருந்தா காட்டுங்க.

நெற்றியைக் காட்டிய அன்று நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். அவள் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என் முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, கைக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். எனக்கும் அதே இடத்தில் வெறுமை. இருபது வருஷமாகக் கொண்டை போடும்போது தினமும் பார்க்கிற தலை, ஆனால் நான் பார்த்ததெல்லாம் வெளியே துருத்தும் முடி இருக்கிறதா என்பதைத்தான், முடி இருக்கிறதா என்று பார்த்ததில்லை. "இது ஏழு வாரத்துல வந்ததில்லக்கா, ரொம்ப நாளா இழுத்து இழுத்துக் கட்டினது. உங்களுக்கும் பொண்ணுக்கும் ஒரே எடம், ஒரே வளைவு. வலப்பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி பாருங்க, இழுத்த ஆளுக்கு வலக்கைப் பழக்கம். சின்ன வயசுல அவங்களுக்கு யாரு பின்னிவிட்டா?" என்று சாதாரணமாகக் கேட்டாள், ஷாம்பு என்ன போடுகிறீர்கள் என்று கேட்கிற மாதிரி. நாற்காலி முழுக்க இறங்கித் தரைக்கு வந்திருந்தது, எழுந்திருக்க அவள்தான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

உனக்கு யார் பின்னிவிட்டது என்று உனக்குத் தெரியும். ஏன் அப்படிப் பின்னினேன் என்பது தெரியாது, இதுவரை யாருக்கும் தெரியாது. உனக்கு ஒன்பது வயது, நான் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்து ஆறு மாதம். ஒருநாள் பேக்கிங் மேசைத் தட்டில் ஒரு முடி கிடந்தது. ஒரு சாண் நீளம், ஸ்பிரிங் மாதிரி சுருள். ஒரு முடி கிடைத்தால் அந்த வேளையில் கட்டிய அத்தனை பெட்டிகளையும் பிரித்து ஒதுக்கிவிடுவோம். யாருடையது என்று கண்டுபிடிக்கிற வேலை எனக்கு வந்தது. அந்த முடியைச் சின்ன உறையில் போட்டுத் தேதி எழுதிக்கொண்டு, வரிசையாக எல்லாப் பெண்களின் முடியோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பார்க்கும்போதே எனக்குத் தெரியும். ஆலை மேல்கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது, ஆனால் நான் பொத்தான் தைக்க முந்தின நாள் கொண்டுவந்திருந்தேன், அன்று காலை நேரமாகிவிட்டது என்று அதைப் போட்டுக்கொண்டே உனக்குத் தலை வாரினேன். உன் முடி என் தோளில் ஏறிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டது. அறிக்கையில் மாவு மூட்டையோடு வந்திருக்கலாம் என்று எழுதினேன். பார்த்தாயா, அன்றைக்கு மாவு மூட்டை, இன்றைக்கு அப்பா வீடு, எனக்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மூட்டை தேவைப்படுகிறது. மறுநாளிலிருந்து உன் தலையில் ஒரு முடிகூடத் தனியாகப் பறக்காதபடி தண்ணீரைத் தெளித்து, இறுக்கி, மூன்று ரப்பர் பேண்ட் போட்டுப் பின்ன ஆரம்பித்தேன். கோட்டைக் கழற்றிவிட்டு வாரியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவேயில்லை. ஒன்பது வயதிலிருந்து பதினேழு வரை, ஞாயிறுகூட விடவில்லை. நான் பின்னும்போது நீ இரண்டு விரலால் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். கண்ணை இழுத்து வேடிக்கை காட்டுகிறாய் என்று நினைத்து "ஆடாம உக்காருடி" என்று கையைத் தட்டிவிடுவேன். வலித்த இடத்தை நீ பிடித்துக்கொண்டிருந்தாய் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

புரிந்ததும் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு போன் போட்டேன், எப்படியாவது அந்தப் பக்கம் ஒரு வழுக்கை நெற்றி கிடைத்துவிடாதா என்று. சுற்றி வளைத்து, உடம்பு எப்படி, மூட்டுவலி எப்படி என்று கேட்டுவிட்டு, அண்ணி, உங்களுக்கு நெற்றியோரம் முடி கொட்டுகிறதாமே என்றேன். அத்தைக்கு வந்த கோபத்தை நீ கேட்டிருக்க வேண்டும். "யாரு சொன்னா? எவ சொன்னா? அறுபத்திரெண்டு வயசுல என் தலையை நான் ரெண்டு கையால அள்ளி முடியுறேன், உன் கொண்டைக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல பாரு" என்றார். அத்தை ஆலையில் வேலை செய்யவில்லை, ஆனால் சரியான இடத்தில் ஆய்வு செய்கிறவர். பத்து நிமிஷத்தில் முன்பக்கம், இடம், வலம் என்று மூன்று போட்டோ வந்தது, மூன்றிலும் புருவத்துக்குச் சற்று மேலேயே முடி அடர்ந்து சுருண்டு நிற்கிறது. இதெல்லாம் அப்பாவின் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்துபோய்க் கல்யாண ஆல்பத்தையும் ஸ்கேலையும் கவராயத்தையும் எடுத்துவந்து மேசையில் உட்கார்ந்தார். அவர் வீட்டு ஆட்கள் பத்தொன்பது பேரின் நெற்றியையும், புருவத்திலிருந்து முடி ஆரம்பிக்கும் இடம் வரை, அளந்து ஒரு தாளில் வரிசையாக எழுதினார். கடைசியில் உன் ஒன்பதாவது பிறந்தநாள் படத்தை எடுத்து அதையும் அளந்தார். அதில் உனக்கு ஓரம் வரை முடி இருந்தது. தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எங்க வீட்டு நிலத்துல ஆக்கிரமிப்பு எதுவும் இல்ல" என்றார். மாவு மூட்டைக் கதையை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஆல்பத்தை மூடி, "அவகிட்ட நீதான் சொல்லணும்" என்றார்.

நீ கேட்டபோது நான் தெரிந்தே பொய் சொன்னேனா என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அப்போது எனக்குத் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு, நான் கேள்வியை முடிப்பதற்குள் யாராவது பதில் சொன்னால் அவர்கள் பெட்டியைத்தான் முதலில் பிரிப்பேன். உன் கேள்விக்கு நான் எவ்வளவு வேகமாகப் பதில் சொன்னேன் என்பதை நினைத்தால் என் பெட்டியை நானே பிரிக்கத் தவறிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். உன் சுருள் மட்டும்தான் அப்பா வீட்டுச் சொத்து, அந்த வெறுமை நான் எழுதிக் கொடுத்தது. என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் உடனே நீ பரவாயில்லைம்மா என்பாய், நீ அப்படித்தான். கொஞ்ச நாள் பரவாயில்லை என்று சொல்லாமல் இரு, கோபம் வந்தால் வரட்டும், போனை எடுக்காமல்கூட இரு, திரைச்சீலையைப் பற்றி நான் வேறு யாரிடமாவது பேசிக்கொள்கிறேன்.

மாத்திரையை மட்டும் இதைச் சொல்லாமல் ஆரம்பித்துவிடாதே. எட்டு வருஷம் இறுக்கிப் பின்னினார்கள், பரம்பரையில் யாருக்கும் இல்லை என்று மருத்துவரிடம் சொல். இழுத்ததால் போனது என்றால், வேர் செத்துப்போகாமல் இருந்தால், இழுக்காமல் விட்டாலே திரும்ப வர வாய்ப்பு உண்டு என்று சீப்பு சொல்கிறாள், அவள் மருத்துவர் இல்லை, அதனால் வேர் உயிரோடு இருக்கிறதா என்று நீ கட்டாயம் கேள். என் இரண்டு முடியையும் நம்பி எதுவும் முடிவு செய்யாதே. இப்போது நானும் சீப்பு சொன்னபடிதான் இருக்கிறேன், நெற்றியோரத்தை விட்டுவிட்டுப் பின்னால் தளர்வாக எட்டே எட்டுப் பின்னல், அதுவும் அவள் கையால், பின்னி முடித்ததும் "புருவத்தைத் தூக்குங்க, இறக்குங்க" என்று பயிற்சி வேறு கொடுக்கிறாள். ஆலையில் பெரிய வலைத்தொப்பிக்குச் சொல்லி வாங்கிவிட்டேன். இனி யாரும் தொப்பிக்காக முடியை இறுக்க வேண்டியதில்லை, முடி வெளியே தெரியக் கூடாது என்பதுதான் விதி. புதுத் தொப்பி முதல் நாள் வந்தபோது பேக்கிங் கண்ணாடி அக்கா அதைப் போட்டுப் பார்த்து, "இதுக்குள்ள மேடமும் நானும் சேந்தே போகலாம்" என்றாள். அவள் தொப்பியைச் சரிசெய்துவிடும் சாக்கில் அவள் நெற்றியோரத்தைப் பார்த்தேன். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அது போய் அஞ்சு வருஷமாச்சு மேடம், விடுங்க" என்றாள். விட முடியவில்லை, அவளையும் சீப்பிடம் அனுப்பியிருக்கிறேன்.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. அப்பாவுக்குப் புது அளவைக் கருவி வந்திருக்கிறது, குழந்தை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுவர் சுவராக அளந்துகொண்டிருக்கிறார், நம் கூடம் நாம் நினைத்ததைவிட நாலு விரல் சின்னதாம். நீ பட்டுத்துணி உறையில்தான் தலை வைத்துப் படுக்கிறாயா, பஞ்சு உறை முடியின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்கிறாள் சீப்பு. காய்ந்த தலையில் சீப்பு போடாதே. ஈரத்தோடு வெளியே போய்ச் சளி பிடித்துக்கொள்ளாதே. தொலைவில் இருந்தாலும் உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல், நினைத்தது நடந்து, நீ சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று தினமும் உன்னை நினைத்துத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேன். கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வரி மட்டும் அனுப்பு.

இன்னும் ஒன்று. இதை அப்பாவிடமும் சொல்லவில்லை, ஆலையிலும் சொல்லவில்லை, எழுத உட்கார்ந்தபோது எனக்கே தெரியாது, எழுதிக்கொண்டு வரும்போதுதான் முடிவு செய்தேன். இதையெல்லாம் மருத்துவரிடம் நீ எப்படிச் சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கம்மா பின்னினாங்க என்று சொல்லவே மாட்டாய், எதையாவது மழுப்பி என்னைக் காப்பாற்றிவிடுவாய். தனியாக விமானம் ஏறியதில்லை, எந்தக் கதவு வழியாகப் போவது என்றுகூடத் தெரியாது, கேட்டுக் கேட்டுப் போய்க்கொள்கிறேன். இருபத்திரண்டாம் தேதி உன் வாசலில் இருப்பேன். இருபத்துநாலாம் தேதி உன் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவேன், குடும்பத்தில் யாருக்கு என்று மருத்துவர் கேட்டால் நீ வாயைத் திறக்க வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா